ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தல்

'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்பது அறியாமைக்கு நம்மவர்கள் சொல்லும் உவமை. விருத்தாசலத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் புன்னகைத்துக்கொள்வார்கள். அவர்கள் ஊர்க்கதையில் அது நடந்தேயிருக்கிறது. திருமுதுகுன்றத்தில் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். இறைவன் ஆணைப்படி அதை மணிமுத்தாற்றில் இட்டார். திருவாரூருக்குப் போய்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதில் பலரும் மறந்துவிடுகிற ஒரு சிறு செய்தி உண்டு. ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாடித்தான் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. கடவுள் கொடுத்த பொன்னுக்கே மாதிரி எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்த்த அந்த எச்சரிக்கை உணர்வைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச நினைக்கிறோம். பேசப்போகும் பொருள் டர்போசார்ஜர்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பதிலைக் கட்டுரையின் பிற்பகுதிக்கு ஒத்திவைக்கிறோம். முதலில் பொருளைப் பார்த்துவிடலாம்.

டீசல் எந்திரத்தில் நாம் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கியதைக் காற்றில் விடுகிறோம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூஷி என்ற பொறியாளர் 1905இல் ஒரு காப்புரிமை பெற்றார். வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதைக் கொண்டு வெளிக்காற்றை அழுத்தி எந்திரத்துக்குள் செலுத்துவது. கூடுதல் காற்று வந்தால் கூடுதல் எரிபொருளை முழுமையாக எரிக்க முடியும். புகைப்போக்கியில் போட்டதைக் காற்றுக்குழாயில் எடுத்துக்கொள்ளும் வித்தை இது. 1920களின் நடுவில் ஜெர்மனியில் கட்டப்பட்ட இரு பயணிகள் கப்பல்களில் இம்முறையைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் தந்திருக்கக்கூடிய எந்திரங்கள் 2,500 குதிரைத்திறன் தந்தன. எந்திரம் பெரிதாகவில்லை, வீணானது மட்டும் திரும்ப வந்தது.

நம் நாட்டில் இதைப் பெருமளவில் ஊர் ஊராகக் கொண்டுசென்றது ரயில்வே. 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் உருவான பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்களை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க முடியாது. நிலையத்திலிருந்து கிளம்பும்போது அடிவயிற்றிலிருந்து எழும் உறுமலோடு மெல்லிய சீழ்க்கை ஒன்றும் சேர்ந்து ஏறுமே, அந்தச் சீழ்க்கைதான் டர்போ. விருத்தாசலம் சந்திப்பில் நள்ளிரவில் அந்த ஒலியைக் கேட்டு விழித்த தலைமுறை ஒன்று உண்டு. இன்று அந்தச் சந்திப்பின் பாதைகள் மின்மயமாகிவிட்டன. சீழ்க்கை ரயிலடியிலிருந்து இறங்கிப் பேருந்துப் பணிமனைக்கும், லாரிப் பட்டறைக்கும், தொழிற்கூடங்களின் பின்புறத்தில் நிற்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் போய்விட்டது.

விருத்தாசலத்தை வெளியூரார் பீங்கான் ஊர் என்றே அறிவார்கள். தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம், பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண், இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு தொழிற்கூடங்கள். நம் வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃப்யூஸ் கட்டைகள், கொலுவுக்கு வாங்கும் பொம்மைகள், அகல்கள் என்று இங்கிருந்து போனவை ஏராளம். களிமண், படிகக்கல் மாவு, ஃபெல்ஸ்பார் ஆகிய மூன்றையும் அரைத்துக் குழைத்து 1,200 பாகைக்கு மேல் சுட்டால் பீங்கான். சூளையில் தீ ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஊதுவிசிறி நிற்கும். தீயின் போக்கு மாறும். ஒரு சூட்டின் சரக்கு முழுவதும் விரிசலிட்டுப் போகும். 2012ஆம் ஆண்டு மின்வெட்டின்போது சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் டீசல் ஜெனரேட்டர் ஆடம்பரமாக இருக்கவில்லை. அதுவே மூச்சாக இருந்தது.

அந்நாட்களில் நாம் அடிக்கடி சென்றுவந்த தொழிற்கூடம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். அங்கிருந்த ஜெனரேட்டரில் ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை டர்போ மாற்றினார்கள். முதல் தடவை 'கம்பெனி சரக்கே இப்படித்தான்' என்றார்கள். இரண்டாம் தடவை விலை குறைந்த, புதுப்பித்த சரக்கைப் போட்டார்கள். மூன்றாவதும் போனபோது உரிமையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற பெரியவர் ஒருவர், யாரும் கேட்காமலேயே, ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். மடிப்பு மடிப்பான காகிதத்தில் ஊசிமுனை போல வெளிச்சம் தெரிந்தது. வாரந்தோறும் அதைச் சுவரில் தட்டி, அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம். தட்டித் தட்டியே காகிதம் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியே போனது சாதாரணத் தெருப்புழுதி அன்று. அரைத்த படிகக்கல் மாவு. காற்றை அழுத்தும் அலுமினியச் சக்கரத்தைவிட அது பன்மடங்கு கடினமானது. இரண்டாவதாகப் போட்ட டர்போ போனதற்குக் காரணம் வேறு: எண்ணெய் கொண்டுவரும் சிறு குழாயில் கரி படிந்து பாதி அடைத்திருந்தது. புது டர்போவைப் பழைய குழாயோடு இணைத்திருந்தார்கள். அந்தப் பெரியவருக்கு இரண்டும் தெரிந்திருந்தன. 'ஏன் ஐயா முன்னாடியே சொல்லல்லே?' என்று கேட்டோம். 'எங்கிட்ட யாருங்க கேட்டா?' என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

டர்போ ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் இந்த வாக்கியத்தின் கனம் விளங்கும். பேருந்தில் இருக்கும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு பக்கச் சக்கரம் அறுநூறு பாகையை ஒட்டிய புகையில் நிற்கிறது. ஒரு சாண் தள்ளி மறுபக்கச் சக்கரம் வெளிக்காற்றில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே அச்சைத் தாங்குவது பெரும்பாலும் உலோகம் அன்று, எண்ணெய்ப் படலம். பேரிங் இருக்கிறது என்றாலும் அச்சு அதைத் தொடுவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனமுள்ள எண்ணெய்த் திரையின் மேல் மிதந்து சுழல்கிறது. அந்தத் திரை சில வினாடி இல்லாமற்போனால் அச்சும் பேரிங்கும் உரசிக்கொள்ளும், கதை முடிந்தது.

ஆகவே டர்போவைப் பேணுதல் என்பது பெரும்பாலும் டர்போவைத் தொடாமலேயே செய்கிற வேலை. எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது, எண்ணெய் ஃபில்டரை மலிவு பார்த்து வாங்காதது, எந்திரத்தைக் கிளப்பியவுடன் முறுக்காமல் எண்ணெய் மேலேறும்வரை பொறுத்திருப்பது. நிறுத்தும்போதும் அப்படியே. சுமையோடு ஓடிவந்த எந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் வரத்து நின்றுவிடும். டர்போவின் சக்கரமோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். சூடு நடுப்பகுதிக்கு ஏறும். அங்கே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். இரண்டு மூன்று நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு நிறுத்தினால் இந்தச் சேதம் இல்லை. ஓட்டுநர்களுக்கு இது தெரியும். நேரக் கணக்கும் டீசல் கணக்கும் கேட்கிற மேலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புகை நீலமாக வந்து எண்ணெய் குறைந்தால் உடனே 'டர்போ சீல் போச்சு' என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். காற்று ஃபில்டர் அடைத்திருந்தால், டர்போ உள்ளிழுக்கும் பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து, நல்ல நிலையில் இருக்கும் சீல் வழியாகவே எண்ணெய் உறிஞ்சப்படும். எண்ணெய் கீழே திரும்பும் குழாய் நசுங்கியிருந்தாலும் அதே விளைவு. ஏனெனில் அந்த எண்ணெய் தன் கனத்தால் மட்டுமே இறங்க வேண்டும், யாரும் அதை உந்துவதில்லை. நோய் ஓரிடம், கழற்றுவது வேறிடம். பழுதான டர்போவை மாற்றுகிறவன் வேலையை முடிப்பதில்லை, அப்போதுதான் தொடங்குகிறான். ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்கும்வரை புதியதைப் பொருத்தக் கூடாது என்பதே இத்தொழிலின் முதல் விதி. நடைமுறையில் அதிகம் மீறப்படுகிற விதியும் அதுதான்.

திடீரென்று உடைவது ஒரு வகைக் கேடு. அதைவிட நுட்பமானது மெல்லத் தேய்வது. சக்கரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெல்லிய அப்பாகப் படியும். காற்று சிறிது குறையும். எரிபொருள் முழுக்க எரியாது, புகை கறுக்கும், வெளியேறும் புகையின் சூடு ஏறும். எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிறதே என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் டீசல் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருக்கும். பெரிய கப்பல்களிலும் மின்னாக்கிகளிலும் இதற்கென்று ஒழுங்குமுறைகள் உள்ளன. காற்றுப் பக்கச் சக்கரத்தை எந்திரம் முழுச்சுமையில் ஓடும்போதே நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுகிறார்கள். நீர்த்துளிகள் மோதுகிற விசையே அழுக்கைப் பெயர்த்துவிடும். புகைப் பக்கத்தில் சுமையைக் குறைத்துக்கொண்டு நீரால் கழுவுவதுண்டு. கொட்டையோடுகளை உடைத்த குருணையை ஊதி உலர்முறையில் சுத்தம் செய்வதும் உண்டு. பல்லாயிரம் மணி நேரம் ஓடியபின் பேரிங்குகளை, அவை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், மாற்றிவிடுகிறார்கள்.

மெல்லத் தேய்வதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தேயாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று எழுதிவைத்திருப்பதுதான். மச்சம் வெட்டி வைத்துக்கொள்வது என்று சுந்தரர் கதையில் வருவது இதுவே. எந்திரம் புதிதாக வந்த அன்று, இன்ன சுமையில் காற்றழுத்தம் இவ்வளவு, புகைச்சூடு இவ்வளவு, மணிக்கு டீசல் இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து அதே சுமையில் மறுபடி பார்த்து உரைத்துக்கொள்ளலாம். மாற்றுக் குறைந்திருந்தால் காரணம் தேடலாம். மச்சம் இல்லாதவனுக்குப் பொன்னும் பித்தளையும் ஒன்றாகவே மின்னும்.

ரயில்வே டீசல் பணிமனைகளில் எளிய சோதனை ஒன்று வழக்கத்தில் இருந்தது. எஞ்சினை நிறுத்தியபின் டர்போவின் சக்கரம் தானாகச் சுழன்று ஓய எத்தனை வினாடி ஆகிறது என்று காதால் கேட்டுக் கணக்கெடுப்பார்கள். சீக்கிரம் நின்றுவிட்டால் உள்ளே கரி, அல்லது பேரிங் பிடிக்கிறது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம்; காது, கடிகாரம், ஒரு நோட்டு, நேற்றைய கணக்கு போதும். பொன்மலைப் பணிமனை 1928இலிருந்து இயங்குகிறது. அதுபோன்ற இடங்களின் உண்மையான சொத்து அங்குள்ள பளுதூக்கிகள் அல்ல, தலைமுறை தலைமுறையாக அங்கே சேர்ந்த காதுகள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இங்கே எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். 'நன்றாக ஓடுகிற எந்திரத்தைத் தொடாதே' என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. நல்ல நிலையிலுள்ள டர்போவைச் சோதிக்கிறேன் என்று பிரித்து, அழுக்குக் கையோடு மறுபடி பூட்டினால், பிரிக்காமல் விட்டிருந்தால் வந்திருக்காத கேடு வந்து சேரும். சமநிலை செய்யப்பட்ட சக்கரத்தைத் திருகாணியால் சுரண்டிச் சுத்தம் செய்து, அதனாலேயே அதிர்வு ஏற்படுத்திக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆகவே பராமரிப்பு என்றால் அடிக்கடி கழற்றிப் பூட்டுவது என்று பொருளில்லை. அடிக்கடி பார்ப்பது, கேட்பது, எழுதுவது. கழற்ற வேண்டியபோது மட்டும் கழற்றுவது. மருத்துவத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

மற்றொரு வாதம்: இன்னும் சில ஆண்டுகளில் எல்லாம் மின்சாரத்தில் ஓடும், டர்போவைப் பற்றி ஏன் கவலை? ரயிலில் அது நடந்தேவிட்டது. பேருந்திலும் நடக்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்குட்பட்ட டீசல் பேருந்துகளில் டர்போ முன்னைவிட இன்றியமையாத உறுப்பு. புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள் அதன் பின்னால் நிற்கின்றன. எண்ணெய் கசியும் டர்போ அவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். இந்தப் பேருந்துகள் இன்னும் பல ஆண்டு ஓட வேண்டியவை. மேலும், மின்மோட்டார் வந்தாலும் பேணுகிற மனம் இல்லாத இடத்தில் அதுவும் இதே கதிக்குத்தான் ஆளாகும். எந்திரம் மாறும், பழக்கம் மாறாது.

நம்முடைய குற்றச்சாட்டு எந்திரத்தின் மீதன்று. நம் தொழிற்பண்பாட்டில் உடைந்ததைச் சரிசெய்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. உடையாமல் பார்த்துக்கொள்கிறவன் கண்ணிலேயே படுவதில்லை. நள்ளிரவில் வந்து டர்போ மாற்றி ஜெனரேட்டரை ஓடவைத்தவருக்கு உரிமையாளர் பிரியாணி வாங்கிக்கொடுத்ததை நாம் பார்த்தோம். ஃபில்டரை வெயிலில் பிடித்துக் காட்டிய பெரியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பந்தப் பணியாளர் முறை பரவியபின் நிலைமை இன்னும் மோசம். ஓர் எந்திரத்தின் சத்தத்தைப் பழகிக்கொள்ள ஒரு மனிதனுக்குச் சில ஆண்டுகள் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் எந்திரத்தின் நினைவை மாற்றிவிடுகிறோம். குறைந்த விலைக்கே உதிரிப்பாகம் என்ற கொள்முதல் விதி அதோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இனி ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். விருத்தாசலம் தமிழிலக்கியத்துக்கு அந்நியமான பெயரல்ல. புதுமைப்பித்தனின் இயற்பெயரே விருத்தாசலம். இமையம் வாழும் ஊர். இவ்வூர்ப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர் கண்மணி குணசேகரன். பணிமனைத் தொழிலாளர்களின் வாழ்வைச் சொல்லும் 'நெடுஞ்சாலை' நாவலையும் எழுதியவர், 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் தொகுத்தவர். ஸ்பேனர் பிடித்த கை அகராதி தொகுத்தது என்பதை நாம் வியப்பாகச் சொல்லக் கூடாது. இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பராமரிப்பும் அகராதிப் பணியும் ஒரே குணத்தின் இரு முகங்கள். இரண்டும் மறைந்துபோகக்கூடியதைக் கவனித்துக் குறித்துவைக்கிற வேலைகள்.

நம் இலக்கியம் படைப்பைப் போற்றியிருக்கிறது, அழிவைப் பாடியிருக்கிறது. பேணுதலைப் பற்றி அது பேசியது குறைவு. ஆனால் நம் கல்வெட்டுகள் பேசியிருக்கின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்றால் சோழர் காலத்தில் ஒரு முறை நெய் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார்கள். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்லில் பொறித்தார்கள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் எண்ணிக்கை குறையாதபடி இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும், விளக்கு நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. விளக்கேற்றுவதைவிட விளக்கு அணையாமல் காப்பதற்கே நம் முன்னோர் அதிகம் யோசித்திருக்கிறார்கள். இன்று நாம் திறப்புவிழாக் கல்வெட்டுகளை மட்டும் பொறிக்கிறோம். அடுத்த ஆண்டு ஃபில்டருக்கு யார் பணம் தருவது என்று அதில் எழுதுவதில்லை.

பீங்கானுக்கும் டர்போவுக்கும் தூசியைத் தவிர வேறு உறவும் உண்டு. 1985இல் ஜப்பானின் நிசான் நிறுவனம் சிலிக்கன் நைட்ரைடு என்ற உயர்வகைப் பீங்கானால் செய்த டர்போ சக்கரத்தைத் தன் காரில் பொருத்தியது. நிக்கல் உலோகக் கலவையில் செய்ததைவிடப் பாதி எடைகூட இல்லாததால் அது விரைவில் சுழலத் தொடங்கும். ஆனால் சிறு உலோகத் துணுக்கு மோதினாலும் நொறுங்கிவிடக்கூடியது. எனவே எங்கும் பரவவில்லை. அதே பொருளில் செய்த குண்டுகள் இன்று உயர்தர டர்போ பேரிங்குகளில் இருக்கின்றன. பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிற ஊர் நாளையே இதைச் செய்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை. அதற்கான தூய மூலப்பொருளும் உலையும் வேறு. ஆனால் பீங்கான் பயிலும் மாணவர் ஒருவர், தன் ஊரின் மண்ணோடு உறவுடைய ஒரு பொருள் உலகின் வேகமான அச்சுகளைத் தாங்குகிறது என்று அறிந்திருப்பது நல்லது. தன் தொழில் நேற்றையது என்ற தாழ்வுணர்ச்சி கொஞ்சம் குறையும்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. கிழிந்த ஃபில்டர் வழியே போய் அலுமினியச் சக்கரத்தைத் தின்ற அதே படிகக்கல் மாவைத்தான் அந்தக் கூடத்தில் வேலைபார்ப்பவர்களும் சுவாசிக்கிறார்கள். நுரையீரலில் அது படிந்தால் வருகிற சிலிக்கோசிஸ் என்ற நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி. நுரையீரலும் மெல்லத்தான் தேய்கிறது. ஓடுகிறதே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டர்போவுக்கு ஏர் ஃபில்டர் உண்டு. அதைத் துடைக்கிறவருக்கு வாயில் கட்டிய துண்டு மட்டுமே. மூன்று டர்போவின் விலையைக் கணக்குப் போட்டு வருந்திய அந்தக் கூடத்தில், தூசியை ஈரமாக அடக்குவதற்கும் உறிஞ்சி அகற்றுவதற்கும் எவ்வளவு ஆகும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாம் வேண்டுவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு நோட்டு. அது தமிழில் இருக்க வேண்டும். எந்திரத்தின் அருகில் நிற்பவர் எழுத வேண்டும். மேலாளர் வாரம் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்றும் முன் காரணத்தை அதில் எழுதியாக வேண்டும். காரணம் எழுதப்படாவிட்டால் புதிய பாகத்துக்கான பணம் வெளிவரக் கூடாது. தொழிலாளர் வாயில் வழங்குகிற சொற்களே போதும். கலைச்சொல்லாக்கக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம். 'சத்தம் கம்மி', 'புகை கருக்கல்', 'அச்சில் லேசா ஆட்டம்' என்று எழுதினால் அதைவிடத் தெளிவான மொழி வேறில்லை. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எந்திரம் வந்த நாளின் கணக்கு இருக்கட்டும். அதே நோட்டில் அங்கே வேலை செய்கிறவர்களின் ஆண்டுக்கொரு நெஞ்சுப் பரிசோதனைத் தேதியையும் எழுதிவைக்கலாம்.

விருத்தாசலம் கோயிலில் ஒரு வன்னிமரம் உண்டு. திருப்பணி செய்தவர்களுக்கு மாலையில் விபசித்து முனிவர் அதன் இலைகளைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலையின் அளவுக்கு அது பொன்னாக மாறியதாம். கதை எழுதியவர் யாரோ, அவருக்கு உழைப்பை அளப்பது எவ்வளவு கடினம் என்பது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பொறுப்பை மரத்திடம் விட்டுவிட்டார். நம்மிடம் அந்த மரம் இல்லை. கேடு நேராமல் பார்த்துக்கொண்டவரின் உழைப்பு எந்தச் சம்பளப் பட்டியலிலும் தனி வரியாக வருவதில்லை. அவரிடம் போய், 'ஐயா, இது எப்படி இருக்கிறது?' என்று கேட்பதாவது நம் கையில் இருக்கிறது. அந்தப் பெரியவர் இப்போது வேலையில் இல்லை. அவர் கேட்டுப் பழகிய சத்தங்களை யாரும் எழுதிவைக்கவில்லை.